கடற்கரையில் பார்ப்பதெல்லாம் கடல் பறவை இல்லை

பவானிசாகர் அணைத் தண்ணீரின் மேல் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு பறவை சுற்றிவந்து, தலைகீழாகப் பாய்ந்து மீனைக் கவ்விக்கொண்டு போனால் போதும். "நம்ம ஊருக்குக் கடல் பறவை வந்திருக்குங்க" என்று படத்தோடு வாட்ஸப்பில் செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். அது ஆற்று ஆலா. ஆறும் அணையும் ஏரியும்தான் அதன் உலகம். மணல்திட்டில் முட்டையிட்டு, ஆற்றோடேயே வாழ்ந்து முடிக்கிற பறவை. கடலோடு அதற்குப் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது.

சரி, கடற்கரைக்கே போய்ப் பார்த்தால்? தனுஷ்கோடிப் பக்கம் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக நிற்பவற்றை எல்லோரும் 'சீகல்' என்கிறோம். அந்தக் கடற்காகங்களில் நாம் அதிகம் பார்ப்பது பழுப்புத் தலைக் கடற்காகம். அது குஞ்சு பொரிப்பது லடாக், திபெத் பக்கத்து மேட்டுநில ஏரிகளில். பனிக்காலத்தைக் கழிக்கத்தான் நம் கடற்கரைக்கு வருகிறது.

அப்படியானால் நிஜமான கடல் பறவை எது? கொங்கு நாட்டுக்காரர்களான நாம் பெரும்பாலோர் அதைப் பார்த்ததே இல்லை. கடற்கரை ஊர்களிலும், வலை எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவர்களைத் தவிர அதிகம் பேர் பார்த்திருக்க மாட்டார்கள். அது கரைக்கு வருவதில்லை. நாம்தான் படகேறிப் போக வேண்டும். முதல்முறை அப்படிப் போக நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என்ன பார்க்கப்போகிறோம் என்று தெரியாமல் போனால், அரை நாள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வாந்தியோடு திரும்ப வேண்டியிருக்கும்.

கரையில் நிற்பவை, கடலில் வாழ்பவை

கடலோடு சம்பந்தப்பட்ட பறவைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். உள்ளான், கொக்கு மாதிரி ஈர மணலிலும் சேற்றிலும் இரை பொறுக்குபவை ஒரு வகை. கடற்காகமும் பெரும்பாலான ஆலாக்களும் போல, கரையை ஒட்டிய கடலில் மேய்ந்துவிட்டு இரவில் தரைக்குத் திரும்புபவை இரண்டாவது வகை. மூன்றாவதுதான் நம் விஷயம். நடுக்கடலிலேயே உண்டு, உறங்கி, மாதக்கணக்கில் தரையை மிதிக்காமல் இருந்துவிட்டு, முட்டையிட மட்டும் ஏதாவது ஒரு தீவில் இறங்குபவை. இந்த மூன்றாவது வகையை இனி ஆழ்கடல் பறவை என்று சொல்கிறேன்.

சில பறவைகள் இதில் எல்லைக்கே போய்விடுகின்றன. கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக இருக்கும் சூட்டி ஆலா என்று ஒன்று உண்டு. கூட்டை விட்டுக் கிளம்பும் அதன் குஞ்சு மறுபடி தரையில் கால் வைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதன் இறகு சீக்கிரம் நனைந்து ஊறிவிடும் என்பதால் தண்ணீரிலும் அதிகம் உட்காராது. அத்தனை காலமும் அநேகமாகக் காற்றில்தான். லட்சத்தீவில் பிட்டி என்ற மனிதர் குடியில்லாத மணல்திட்டு, இந்த ஆலாக்கள் இறங்கி முட்டையிடும் இடங்களில் ஒன்று.

ஆக, கடல் பறவை என்பதற்கு அளவுகோல் அது எங்கே நின்றது என்பதில்லை. எதை நம்பிப் பிழைக்கிறது என்பதுதான். ஆழ்கடல் பறவைக்குத் தரை என்பது பிரசவத்துக்குப் போகிற இடம் மட்டும்.

நமக்குப் பக்கத்துக் கடல் எது?

கடல் என்றதும் சென்னைக்கும் ராமேஸ்வரத்துக்கும் பஸ் பிடிக்கிற பழக்கம் நமக்கு. ஆனால் கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்குப் பக்கத்துக் கடல் அரபிக் கடல்தான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மேற்கே போனால் மூன்று, நாலு மணி நேரத்தில் பொன்னானியோ சாவக்காடோ வந்துவிடும். தண்ணீரும் அந்த வழியாகத்தான் போகிறது. ஆழியாற்றிலிருந்து கேரளத்துக்குப் போகும் நீர் சித்தூர்ப் புழை, பாரதப்புழை வழியாகப் பொன்னானியில் கடல் சேர்கிறது. ஆடியில் நம் தென்னந்தோப்புகளை ஆட்டிவைக்கும் காற்றோ, அதே கணவாய் வழியாக எதிர்த்திசையில் அரபிக் கடலிலிருந்து வருகிறது.

அந்தக் கடலில் பறவைகளுக்கு என்ன இருக்கிறது? இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கரையிலிருந்து கடலடி ஒரேயடியாக ஆழமாகிவிடுவதில்லை. சுமார் 200 மீட்டர் ஆழம் வரை மெல்லச் சரியும். அப்புறம்தான் சடாரென்று இறங்கும். மெல்லச் சரியும் அந்தப் பகுதிக்குக் கண்டத்திட்டு என்று பெயர். மும்பைப் பக்கம் இது மிக அகலம். தெற்கே வரவரக் குறுகும். அதனால் வடக்கே இருப்பவர்களைவிடக் குறைந்த தூரத்தில் நாம் ஆழக்கடலை எட்டிவிட முடியும்.

இரண்டாவது சொல், மேலெழும் நீர். தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையை ஒட்டி வீசும்போது, பூமி சுழல்வதன் விளைவும் சேர்ந்து மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறிவருகிறது. அடியில் படிந்து கிடந்த சத்துகளும் அதோடு வருகின்றன. வெயில் படும் மேல்மட்டத்தில் அந்தச் சத்து கிடைத்ததும் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னக் குட்டிக் குட்டி மிதவை விலங்குகள், அவற்றைத் தின்ன மத்தி, அயிலை. மழைக்காலம் முடியும் சமயம் உக்கடம் மார்க்கெட்டில் மத்தி குவிகிறதே, அதற்கும் அங்கே பறவைகள் கூடுவதற்கும் மூலகாரணம் ஒன்றுதான்.

எதைக் குடிக்கும்?

ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் மாமாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அதெல்லாம் சரி மாப்ளே, நடுக்கடல்ல குடிக்கத் தண்ணிக்கு எங்க போகும்?" போர்த் தண்ணீரின் உப்போடு ஆயுசுக்கும் மல்லுக்கட்டியவர் கேட்கக்கூடிய சரியான கேள்வி.

குடிநீரில் டிடிஎஸ் எனப்படும் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க உதவாது என்பது இந்தியத் தரநிலை. கடல் நீரில் அது சுமார் 35,000. மனிதன் கடல் நீரைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகமான தண்ணீரைச் சிறுநீரகம் செலவழிக்க வேண்டியிருக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம்தான் கூடும்.

பறவையின் சிறுநீரகமும் இந்த வேலைக்குப் போதாது. ஆனால் கடல் பறவைக்குக் கண்களுக்கு மேலே, மண்டையோட்டுப் பள்ளத்தில் இன்னொரு உறுப்பு இருக்கிறது. அதுதான் உப்புச் சுரப்பி. ரத்தம் அதன் வழியாகப் போகும்போது உப்பை மட்டும் பிரித்தெடுத்து, கடல் நீரைவிடக் கூடுதல் உப்புக் கரிக்கும் ஒரு திரவமாக்கி, நாசித்துளை வழியாக வெளியே விடுகிறது. அலகின் நுனியில் சொட்டுச் சொட்டாக நீர் கோத்து நிற்பதையும், பறவை தலையை வெடுக்கென்று உதறுவதையும் படகிலிருந்து பார்க்கலாம். 'சளி பிடித்திருக்கிறது' என்று பாவப்பட வேண்டியதில்லை. உப்புக் கழிவை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். மாமாவுக்கு இதைச் சொன்னதும், "நம்ம போருக்கு அப்படியொண்ணு வெச்சிருக்கலாம்" என்றார்.

இறக்கை அடிக்காமல் எப்படிப் பறக்கிறது?

இதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். பருந்து வட்டமடித்து மேலேறுவதைப் பார்த்த பழக்கத்தில், கடல் பறவையும் அப்படித்தான் மிதக்கிறது என்று நினைக்கிறோம். பருந்துக்கு உதவுவது வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று. தரை சூடாகும் அளவுக்குக் கடல் சூடாவதில்லை. அந்த மாதிரி வெப்பக் காற்று அங்கே வலுவாகக் கிடைக்காது. ஆனாலும் ஷியர்வாட்டர் என்ற பறவை, காக்கை அளவு உடம்பும் நீண்டு விறைத்த இறக்கையுமாக, மணிக்கணக்கில் சில அடிகளே அடித்துவிட்டு அலைமேல் சறுக்கிக்கொண்டே போகிறது.

இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கடல் தேவையில்லை. உடுமலை, பல்லடம் சாலையோரக் காற்றாலைகள் போதும். ஆடி மாதம் காட்டு வேலியோரம் குனிந்து களை எடுத்தால் காற்று அவ்வளவாகத் தெரியாது. நிமிர்ந்தால் துண்டு பறக்கும். மேல்நிலைத் தொட்டி ஏணியில் ஏறினால் ஆளையே தள்ளும். தரையை உரசும் காற்று வேகம் இழக்கிறது. உயர உயரத் தடை குறைந்து வேகம் கூடுகிறது. இப்போது நிறுத்தும் காற்றாலைகளின் கோபுரம் 100 மீட்டரைத் தாண்டிப் போவது இதற்காகத்தான்.

கடலின் மேலும் இதேதான். அலையை ஒட்டிய காற்று மெதுவாகவும், அதற்குப் பத்துப் பதினைந்து மீட்டர் மேலே உள்ள காற்று வேகமாகவும் ஓடுகிறது. இந்த வேக வித்தியாசத்தைத்தான் பறவை உணவாக்கிக்கொள்கிறது. எப்படி என்று மெதுவாகப் பார்ப்போம்.

அலையை ஒட்டி வேகமாக வரும் பறவை காற்றை எதிர்த்துத் திரும்பி மேலேறுகிறது. ஏறினால் வேகம் குறையத்தானே வேண்டும்? ஆனால் அது ஏற ஏற எதிர்க்காற்று வலுக்கிறது. இறக்கையின் மேல் ஓடும் காற்று குறையாததால் தாங்கிப் பிடிக்கும் விசையும் குறைவதில்லை. உச்சிக்கு வந்ததும் சரிந்து திரும்பி, வேகமான அந்தக் காற்று முதுகைத் தள்ள, கீழ்நோக்கிப் பாய்கிறது. மேல்காற்றின் வேகத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, மெதுவான கீழ்க்காற்றுக்குள் வந்து நுழைகிறது. இப்போது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் அதனிடம் உபரி வேகம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மறுபடி திரும்பி மேலேறுகிறது. ஏற்றம், திருப்பம், இறக்கம், திருப்பம். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகம் காற்றிடமிருந்து பறவைக்குக் கைமாறுகிறது. இந்த முறைக்கு டைனமிக் சோரிங் என்று பெயர். இதன் பின்னுள்ள கணக்கை ராலே பிரபு என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1883-லேயே விளக்கிவிட்டார்.

தென்கடல்களின் ஆல்பட்ராஸ் இதில் கரைகண்டது. அலையும் ஆல்பட்ராஸ் என்ற இனத்துக்கு இறக்கை விரிந்தால் நுனிக்கு நுனி மூன்றரை மீட்டர் வரை இருக்கும். அது சறுக்கிப் பறக்கும்போது இதயம் துடிப்பது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று அளந்திருக்கிறார்கள். நம் கடலில் ஆல்பட்ராஸை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அதே வித்தையைச் சின்ன அளவில் ஷியர்வாட்டர் காட்டும்.

இதைத் தெரிந்துகொண்டால் படகுப் பயணத்தில் ஒரு விஷயம் தானாக விளங்கிவிடும். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாக இருக்கும் நாள் நம் வயிற்றுக்கு நல்ல நாள். பறவை பார்க்க நல்ல நாள் இல்லை. காற்று இல்லாவிட்டால் பறப்பது கூலி கட்டாத வேலை என்பதால் ஷியர்வாட்டர்கள் கூட்டமாகத் தண்ணீரில் உட்கார்ந்துவிடும். இதமான காற்று இருக்கும் நாளில்தான் ஏறி இறங்கும் பறத்தல் தெளிவாகத் தெரியும்.

மோப்பம் பிடிக்கும் பறவைகள்

பறவைகளுக்கு மோப்ப சக்தி கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள் அதை இங்கே மறந்துவிட வேண்டும். ஷியர்வாட்டர், பெட்ரல், ஆல்பட்ராஸ் ஆகிய மூன்றும் ஒரே வம்சம். அலகின் மேல் நாசித்துளை ஒரு குட்டிக் குழாய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் குழாய்மூக்குப் பறவைகள் என்று இவற்றைச் சொல்வார்கள். இவற்றின் மோப்பம் அபாரமானது.

மிதவைத் தாவரங்களை அந்தக் குட்டி மிதவை விலங்குகள் மேயும்போது டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு வெளியாகிறது. கடற்கரையில் இறங்கியதும் மூக்கில் ஏறும் 'கடல் வாசம்' இருக்கிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. எங்கே மேய்ச்சல் நடக்கிறதோ அங்கே வாசம். எங்கே வாசமோ அங்கே இரை. வரைபடம் எதுவும் இல்லாத தண்ணீர்வெளியில் இந்தப் பறவைகள் இந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே போகின்றன என்பதை 1990-களில் கேப்ரியல் நெவிட் என்ற ஆய்வாளர் கடலிலேயே சோதித்துக் காட்டினார்.

படகில் போகிறவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்வதுண்டு. மீன் எண்ணெயையும் மீன் கழிவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டே போவார்கள். எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவும். சாவக்காட்டுப் பக்கம் ஒரு செப்டம்பர் காலையில் அப்படி விட்டோம். இன்ஜினை நிறுத்தியபின் கால்மணி நேரம் வரை ஒன்றும் இல்லை. அப்புறம், காற்று எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீரை ஒட்டிக் கறுப்பாக ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு. வில்சன்ஸ் ஸ்டார்ம் பெட்ரல். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, எடை சுமார் 40 கிராம். உடம்பெல்லாம் புகைக் கறுப்பு, வாலடியில் மட்டும் வெள்ளைப் பட்டை.

அமரத்திலிருந்து கைநீட்டினால் எட்டிவிடும் போலிருந்தது. (படகின் முன்பக்கத்தை அணியம், பின்பக்கத்தை அமரம் என்பார்கள், ஏறியதும் இந்த இரண்டு சொற்களும் காதில் விழும்.) இறக்கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி, நீண்ட மெல்லிய கால்களால் தண்ணீரைத் தட்டித் தட்டி அது நின்ற இடத்திலேயே நடந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் எண்ணெய்ப் படலத்தில் ஒரு சின்ன வளையம் விரிந்தது. அலகு நுனியால் ஒரு துளியைக் கொத்தியது. மறுபடி இரண்டு எட்டு.

அது விளையாட்டு இல்லை. காற்று இறக்கையைத் தூக்கிப் பின்னால் தள்ளப் பார்க்கிறது; தண்ணீரில் ஊன்றிய கால் நங்கூரம் மாதிரி அதை இழுத்துப் பிடிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, இறக்கையை அடிக்காமலே ஒரே இடத்தில் நின்று இரை பொறுக்க முடிகிறது. அந்தக் குருவி முட்டையிட்டது அண்டார்க்டிகாவிலும் அதைச் சுற்றிய தீவுகளிலும். அங்கே குளிர்காலம் வந்ததும் பூமத்திய ரேகையைக் கடந்து, நம் மழைக்காலத்தில் அரபிக் கடலுக்கு மேய வந்துவிடுகிறது.

இதுவரை பார்த்ததில் மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். உப்பை வெளியேற்றத் தலைக்குள் ஒரு சுரப்பி. காற்றின் வேக வித்தியாசத்தில் ஓசிப் பயணம். வாசம் பிடித்து இரை தேடல். குழாய்மூக்குகளிடம் மூன்றும் உண்டு.

தூக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். பெரும்பாலானவை தண்ணீரில் மிதந்தபடி தூங்கும். ஃப்ரிகேட் பறவைக்கு அந்த வசதி இல்லை, இறகு நனைந்துவிடும். அதன் தலையில் கருவி பொருத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அது பறந்துகொண்டே தூங்குகிறது என்றும், ஒரு நாளுக்கு மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் தூங்குகிறது என்றும் தெரிந்தது.

படகில் ஏறுவதற்கு முன்

கடலுக்குப் போகும் காலத்தைப் படகுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு இழுவலைக்குத் தடை. மழைக்கால நடுவில் கடலும் கொந்தளிப்பாக இருக்கும். அதனால் மழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களும், மழை தணியும் செப்டம்பர், அக்டோபரும்தான் வசதி. தனியாகப் போய் ஏதோ ஒரு படகில் ஏறிவிட வேண்டாம். ஏற்கெனவே போய்ப் பழகிய பறவை ஆர்வலர் குழுவோடு, உரிய அனுமதியோடு, அடையாள அட்டையோடு போங்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறவே கூடாது. போதும், திரும்பலாம் என்று படகு ஓட்டுகிறவர் சொன்னால் மறுபேச்சு பேசக் கூடாது. 2017-ல் ஒக்கி புயலில் எத்தனையோ பேரைக் கடலுக்குக் கொடுத்த கரை இது. வானத்தைப் பார்த்து அவர்கள் சொல்லும் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள்.

வாந்தி வருவது பலவீனம் இல்லை. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. படகின் பலகையைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். போனைப் பார்த்தாலும் கேமரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாலும் கூடும். அடிவானத்தைப் பார்த்தால் குறையும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டவும் தின்ன வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

பைனாகுலர் எட்டு மடங்கு பெரிதாக்குவதாக இருந்தால் போதும். பத்து மடங்கு என்றால் படகின் ஆட்டமும் பத்து மடங்காகத் தெரியும். பறவையைக் காட்டக் கையை நீட்டி "அதோ, அதோ" என்றால் ஒருவருக்கும் புரியாது. அணியத்தைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, வலப்பக்கம் மூன்று மணி, அமரம் ஆறு மணி, இடப்பக்கம் ஒன்பது மணி என்று கூவ வேண்டும். அதோடு 'தண்ணீரை ஒட்டி', 'அடிவானத்துக்கு மேலே' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் எல்லாக் கண்ணும் ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

நிறத்தைப் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள்

குளத்தங்கரையில் நின்று பார்க்கிற நமக்கு முதலில் நிறத்தைத் தேடித்தான் பழக்கம். கடலில் அது உதவாது. வெயில் எதிரே அடிக்கும். எல்லாமே கறுப்பாகத் தெரியும். பறவை சில நொடிகளில் அலைக்குப் பின்னால் மறைந்துவிடும். ஊரில் தூரத்தில் வருகிறவரை முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்துச் சொல்லிவிடுவோமே, அந்தக் கண்தான் இங்கே வேண்டும்.

விறைத்த இறக்கையோடு அலையை உரசி ஏறி இறங்கினால் ஷியர்வாட்டர். நம் பக்கத்துக் கடலில் அதிகம் தென்படும் ஃப்ளெஷ் ஃபுட்டட் ஷியர்வாட்டர் முழுக்க அடர் பழுப்பு. அலகும் காலும் இளஞ்சிவப்பு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துத் தீவுகளில் குஞ்சு பொரிப்பது. அதைவிடச் சிறியதாக, அடிப்பக்கம் வெள்ளையாக, படபடவென்று அடித்துக் கொஞ்சம் சறுக்கினால் அரேபியக் கரைத் தீவுகளிலிருந்து வரும் பெர்ஷியன் ஷியர்வாட்டராக இருக்கலாம். துள்ளித் துள்ளி லேசாகப் பறந்து, மிதக்கும் கட்டைமேல் உட்கார்ந்திருந்தால் பிரிடில்டு ஆலா. குண்டு நெஞ்சோடு, ஒரு நோக்கத்தோடு வேறொரு பறவையைத் துரத்திக்கொண்டு போனால் ஸ்குவா வகை. அடுத்தவர் பிடித்த மீனைக் கக்க வைத்துத் தின்பது அதன் பிழைப்பு. அதில் பொமரைன் போன்றவை வடதுருவப் பக்கத்திலிருந்து வருகின்றன. தென்துருவத்துப் பெட்ரலும் வடதுருவத்து ஸ்குவாவும் ஒரே காலையில் ஒரே படகின் இரு பக்கமும் போகிற கடல் நம்முடைய பக்கத்துக் கடல். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பறவை தெரிந்தால் கரை பக்கத்தில் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இரவில் தீவுக்குத் திரும்பும் ஆலாக்களுக்கும் நாடி என்ற பறவைக்கும் அது ஓரளவு பொருந்தும். ஷியர்வாட்டருக்கும் பெட்ரலுக்கும் பொருந்தாது. பறவைக் கூட்டம் ஒரே இடத்தில் மொய்த்தால் அது கரையைக் காட்டவில்லை, மீனைக் காட்டுகிறது. அடியில் சூரை மீன்கள் சின்ன மீன்களை மேலே விரட்டுகின்றன. மேலே பறவைகள் காத்திருக்கின்றன. லட்சத்தீவுச் சூரை மீனவர்கள் பறவைக் கூட்டத்தைப் பார்த்துத்தான் படகைத் திருப்புகிறார்கள்.

ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை

கோழி மாதிரியோ புறா மாதிரியோ இவை பெருகுவதில்லை. குழாய்மூக்குகள் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும்; அதையும் பிறந்து பல ஆண்டு கழித்துத்தான் ஆரம்பிக்கும். ஈடுகட்ட நீண்ட ஆயுள். பசிபிக்கின் மிட்வே தீவில் 1956-ல் காலில் வளையம் மாட்டிய 'விஸ்டம்' என்ற லேசன் ஆல்பட்ராஸ் 2024 கடைசியிலும் முட்டையிட்டது. அப்போது அதற்குக் குறைந்தது 74 வயது.

முட்டை ஒன்றுதான் என்பதால் வளர்ந்த பறவை ஒன்று வீணாகச் செத்தாலும் கூட்டத்துக்கு அது பெரிய நஷ்டம். தூண்டில் கயிறுகளில் மாட்டிச் சாகின்றன. எலியும் பூனையும் ஏறிய தீவுகளில் குஞ்சுகள் சாகின்றன. பிளாஸ்டிக் தனிக்கதை. கடலில் கொஞ்ச நாள் மிதந்த பிளாஸ்டிக்கில் பாசி படிந்து, அதே டைமெத்தில் சல்ஃபைடு வாசம் வருகிறது என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். இரை தேட உதவிய மூக்கே இப்போது ஏமாற்றுகிறது. நம் கடலுக்கு வருகிற அதே ஃப்ளெஷ் ஃபுட்டட் ஷியர்வாட்டர் இனம் ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவிலும் குஞ்சு பொரிக்கிறது. அங்கே தாய் தகப்பன் ஊட்டிவிட்ட பிளாஸ்டிக் ஒரே குஞ்சின் வயிற்றில் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடைத்திருக்கிறது.

புயல் தள்ளி நம் ஊருக்கு வந்துவிட்டால்

படகே ஏறாதவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பலத்த பருவக்காற்றும் புயலும் கடல் பறவைகளைத் தரைக்குள் வெகுதூரம் தள்ளிவிடுவது உண்டு. கணவாய் வழியாகக் காற்று நுழைகிற வாசலில்தான் நாம் இருக்கிறோம். வாழைத் தோப்பிலோ மொட்டை மாடியிலோ நீண்ட இறக்கையோடு முன்பின் பார்க்காத ஒரு பறவை எழ முடியாமல் கிடந்தால், அதைப் புயலுக்கு வந்த சகுனம் என்று பேச வேண்டாம். இரை தேட முடியாமல், எதிர்க்காற்றில் தாக்குப்பிடிக்க முடியாமல் சோர்ந்து விழுந்த பறவை அது. ஷியர்வாட்டர், பெட்ரல் என்றால் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருக்கும். தரையில் நிற்கவே தடுமாறும். 'கால் ஒடிந்துவிட்டது' என்று நினைத்துக் கட்டுப்போட்டுவிடாதீர்கள்.

நல்லெண்ணத்தில் செய்கிற மூன்று காரியங்கள்தான் பெரும்பாலும் அதைக் கொல்கின்றன. குளத்தில் கொண்டுபோய் விடுவது, மாடியிலிருந்து தூக்கி எறிந்து பறக்க வைக்கப் பார்ப்பது, வாயைத் திறந்து தண்ணீரோ பாலோ ஊற்றுவது. குளத்தில் அதற்கு இரை இல்லை; ஃப்ரிகேட், சூட்டி ஆலா என்றால் நனைந்து மூழ்கிவிடும். சோர்ந்த பறவையைத் தூக்கி எறிந்தால் அடிபட்டு விழும். ஊற்றுகிற தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

துண்டைப் போர்த்திப் பிடியுங்கள். பூபி, ஃப்ரிகேட் பறவைகளின் அலகு கூர்மை. முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அதற்காக அலகைக் கயிற்றால் கட்டவும் கூடாது. இவற்றுக்கு வெளி நாசித்துளை அநேகமாக மூடியே இருக்கும். வாய் வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டான, சந்தடி இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளும் நாயும் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டியை மூடுவதற்கு முன் அலகு, கால், விரித்த இறக்கை தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்து, தேதியும் ஊர்ப் பெயரும் சேர்த்து பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் பதிந்துவிடுங்கள். புயல் எந்த இனத்தை எவ்வளவு உள்ளே தள்ளியது என்று பின்னால் பார்க்கிறவர்களுக்கு, கடலே இல்லாத மாவட்டத்திலிருந்து வரும் அந்த ஒரு பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு.